அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, ஒரே ஓர் ஆட்சேபம்

உங்கள் ஊர் மேயருக்கு நீங்கள் கடைசியாக எப்போது வாக்களித்தீர்கள்?

யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எண்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் ஒருவேளை ஒருமுறை வாக்களித்திருப்பீர்கள். மற்ற யாரும் வாக்களித்ததில்லை. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் வாசல் குப்பையை எந்தக் கிழமை அள்ளுவது, எந்தத் தெரு லோங்காங்கை, அதாவது சாக்கடையை, எப்போது தூர் வாருவது, பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் எத்தனை கடைவீடுகள் கட்டுவது என்று தீர்மானிக்கிறவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். நாம் அதைப் பற்றி வெட்கப்படுவதுகூட இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் யாரைத் திட்டுவது என்று தேடுகிறோம்.

தங்கமணியும் நியமிக்கப்பட்டவர்தான். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் சுங்கை கெம்பாஸ் என்ற சிற்றூரின் நகராண்மைக் கழகத்தில் இரண்டு தவணை உறுப்பினராக இருந்தார். ஊர்க்காரர்கள் அவரை 'மேயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் மேயர் பதவியே கிடையாது. கேலியாகத் தொடங்கிய பெயர் அது. பிறகு யாரும் மாற்றவில்லை.

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, படிவம் ஐந்து முடித்து, இருபத்து நான்கு ஆண்டுகள் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்தவர் அவர். லோரியில் வந்து இறங்கும் கொள்கலனின் கதவில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணும் கையிலிருக்கும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஓட்டுநர்கள் பின்னால் நின்று ஹாரன் அடிப்பார்கள். "அக்கா, சீக்கிரம் லா! என்ன, பெட்டிக்கு ஜாதகமா பாக்கறீங்க?" என்பார்கள். தங்கமணி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவர்தான் பின்னால் ஓர் அறிவிப்பைப் படிக்காமல் விட்டார். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

அவர் அரசியலுக்கு வந்தது மின்தூக்கியால். அவர் குடியிருந்த மலிவுவிலை அடுக்குமாடியில், பத்து மாடிக்கும் சேர்த்து இருந்த ஒரே மின்தூக்கி நான்கு மாதம் ஓடவில்லை. தங்கமணி கழகத்துக்குப் பதினேழு கடிதம் எழுதினார். பதினெட்டாவதை எழுதவில்லை. பதினேழின் நகலையும் எடுத்துக்கொண்டு, கழகத்தின் மாதாந்தரக் கூட்டம் நடந்த அறைக்குள் நேராக நுழைந்து, தலைவர் நாற்காலிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். ஆறாவது கடிதத்திலேயே ஒருவர் எழுந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மறுநாள் மின்தூக்கி ஓடியது.

அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர் லோகன். ஆளும் கூட்டணியில் இருந்த ஒரு கட்சியின் தொகுதித் தலைவர். கழகத்துக்கு யார் உறுப்பினர் என்று பெயர் கொடுப்பவர். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்: "இந்தப் பொம்பளைய வெளிய விட்டா நமக்குத்தான் ஆபத்து. உள்ள சேத்துருங்க." அப்படித்தான் தங்கமணி கவுன்சிலர் ஆனார்.

லோகன் போட்ட கணக்கு ஓரளவுக்குப் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். தங்கமணிக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது. பெயர்ப்பலகை வைத்த மேசை, கூட்டத்தில் ஒலிவாங்கி, அதிகாரிகள் மலாயில் மரியாதையாக 'புவான்' என்று சொல்லி எழுந்து நிற்பது எல்லாம் பிடித்திருந்தது. கால் நூற்றாண்டு வெயிலில் நின்று பெட்டி பார்த்தவரிடம் அதுவரை யாரும் கருத்துக் கேட்டதில்லை. ஆனால் பதவி பிடித்ததற்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

முதல் தவணையிலேயே வெள்ளம் வந்தது. அவர் குடியிருந்த அதே தாமான் செரி மெலூர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். வெள்ளம் வடிந்த மறுவாரம் கட்சி என்ன செய்தது தெரியுமா? அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளத் தடுப்புக் குளத்தின் கரையில், இனி வெள்ளம் வராமல் இருக்க யாகம் வளர்த்தது. பந்தல், நாதஸ்வரம், லோகன் கழுத்தில் ரோஜா மாலை. தங்கமணிக்கு முன்வரிசையில் நாற்காலி. அவர் உட்காரவில்லை. காலணியைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கி, குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பார்த்தார். மெத்தை, பழைய டயர், தேங்காய் மட்டை என்று அடைத்துக்கொண்டிருந்தது. கழகத்தின் மண்வாரி இயந்திரத்தை அன்றைக்கே வரவழைத்தார். இயந்திரம் மூன்றாவது முறை அள்ளியபோது, சேறு சொட்டச் சொட்ட ஒரு பெரிய பதாகை மேலே வந்தது. அதில் கைகூப்பியபடி தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் லோகன்.

"தலைவரே, நீங்க இங்கதான் இருக்கீங்களா!" என்றார் தங்கமணி. "யாகத்துல நெய் ஊத்துறத நிறுத்திட்டு இதுக்கு டீசல் ஊத்தச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. லோகனும் சிரித்தார். வேறு வழியில்லை. அதற்குப் பிறகு அந்த வாய்க்காலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூர் வாரினார்கள். தண்ணீர் வரவில்லை. இதில் எந்தத் தெய்வத்தின் பங்கும் இல்லை. குளம் இருந்தது, குளத்துக்கு வழி இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது தவணையில் அந்தக் குளத்துக்கே ஆபத்து வந்தது. சுங்கை கெம்பாஸின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைக் கழகம் திருத்தியது. தடித்த புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்து வரைபடத்தில், இரண்டு ஏக்கர் குளம் 'வணிக நிலம்' என்று நிறம் மாறியிருந்தது. ஒரு மேம்பாட்டு நிறுவனம் அங்கே கடைவீடுகள் கட்ட விரும்பியது. குளத்துக்குப் பதிலாக நிலத்தடியில் குழாய் போடுவார்களாம். குழாயின் அளவு எங்கேயும் எழுதப்படவில்லை. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாத அவகாசம் என்று கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

தங்கமணி அந்த அறிவிப்பின் தலைப்பைப் படித்தார். தேதியைப் படித்தார். மீதியைப் படிக்காமல் வேலையில் இறங்கினார். ஏனென்றால் ஆட்சேபம் தெரிவிப்பது எப்படி என்று அவருக்கும் அந்த ஊருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தார். மகஜர்! நம் மக்களுக்கு மகஜர் என்றால் அப்படியொரு நம்பிக்கை. மின்தூக்கி ஓடவில்லையா, மகஜர். தெருவில் வேகத்தடை வேண்டுமா, மகஜர். கோயில் திருவிழாவுக்குச் சாலையை மூடவேண்டுமா, மகஜர். ஒரு நீளக் காகிதம், மேலே நான்கு வரி, கீழே கையெழுத்துகள். மேலே இருக்கும் நான்கு வரியை யாரும் படிப்பதில்லை. முன்னால் போட்டிருப்பது யார் என்று பார்த்துவிட்டுப் பின்னால் போடுவார்கள்.

மூன்று வாரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, இருபது பேர் புடைசூழக் கழக அலுவலகத்துக்குப் போய், படம் எடுத்து, வாட்சப்பில் போட்டு, மகஜரைத் திட்டப் பிரிவின் முகப்பில் கொடுத்தார் தங்கமணி. முகப்பில் இருந்தவர் ஷாமினி, முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் அலுவலர். காகிதத்தைப் புரட்டினார். முகம் வாடியது. மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து மெல்லச் சொன்னார்.

"கவுன்சிலர் அக்கா, இத நான் ஒன்னுன்னுதான் பதிய முடியும்."

"என்ன ஒன்னு?"

"ஒரு ஆட்சேபம். ஒரு ஆளுக்கு ஒரு பாரம் நெரப்பிக் குடுக்கணும். பேரு, ஐசி நம்பர், வீட்டு முகவரி, காரணம். அறிவிப்புல நாலாவது பத்தியில போட்டிருக்கு. மகஜர் எத்தன பேரு போட்டாலும் ஒரே கணக்கு."

"எதிர்ப்பக்கம்?"

ஷாமினி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "திருத்தத்த ஆதரிச்சு நாப்பத்தியோரு பாரம் வந்திருக்கு. எல்லாம் ஒழுங்கா நெரப்பி, தனித்தனியா."

நாற்பத்தொன்றுக்கு ஒன்று. கடைசி நாள் திங்கள், மாலை ஐந்து மணி. இடையில் சனி, ஞாயிறு.

தங்கமணி அறிவிப்புப் பலகைக்குப் போய் நான்காவது பத்தியைப் படித்தார். இரண்டு முறை படித்தார். கிடங்கில் இப்படி ஒரு பெட்டியை விட்டிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பிறகு திரும்பி வந்து, "எனக்கு அறுநூறு பாரம் வேணும்" என்றார்.

"ஐம்பதுதான் இருக்கு அக்கா. ஆனா நகல் எடுத்துக்கலாம், தப்பில்ல."

வண்டியில் ஏறும்போது தொலைபேசி அடித்தது. லோகன்.

"என்ன தங்கமணி, மகஜர் குடுத்தியாமே? அதுல என் கையெழுத்து இருக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க!"

"ஆமா தலைவரே. நீங்கதான் போட்டீங்க. நம்ம கிளைக் கூட்டத்துல, தே தாரிக் குடிச்சிக்கிட்டே."

"அது வேகத்தடை மகஜர்னு நெனச்சேன்!"

"கவலப்படாதீங்க. அந்த மகஜர் மொத்தமே ஒரு ஆட்சேபம்தானாம். அதுல உங்க பங்கு அறுநூத்திப் பன்னெண்டுல ஒன்னு."

லோகன் சிரிக்கவில்லை. "இங்க பாரு, இது மேல முடிவான விஷயம். ஒரு கவுன்சிலரே கழகத்தோட திட்டத்துக்கு எதிரா நின்னா நல்லாருக்காது. ரெண்டு மாசத்துல அடுத்த தவணைக் கடிதம் வரணும். உன் பேர நான்தான் எழுதணும். புரியுதா?"

புரிந்தது. தங்கமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். பெயர்ப்பலகை, ஒலிவாங்கி, 'புவான்' என்ற மரியாதை. அவற்றை விட்டுக்கொடுக்க வலிக்காது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் குளம் போனால் தரைத்தளத்து முப்பது வீடுகளில் மறுபடி தண்ணீர் ஏறும். அதற்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து என்ன செய்வது? மாலை போட்டுக்கொள்வதா? வண்டியைக் கிளப்பினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுக்குமாடியின் கீழே இருந்த எழுதுபொருள் கடைக்கு முன்னால் மேசை போட்டார். கடையைப் பார்த்துக்கொண்டவர் நிஜாம். இராமநாதபுரத்திலிருந்து வேலை அனுமதியில் வந்து ஆறு ஆண்டு ஆனவர். அவருடைய நகல் இயந்திரம் அன்றைக்கு மூச்சுவிடாமல் ஓடியது.

பத்து மணிவரை பதினொரு பேர்தான் வந்தார்கள். அறுநூறு பேர் எங்கே போனார்கள் என்று மாடி மாடியாக ஏறிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பாரத்தோடு ஐசி எனும் அடையாள அட்டையின் நகலும் வைக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"மேயரே, உங்க மேல நம்பிக்க இருக்கு," என்றார் நான்காவது மாடியில் ஒருவர். "ஆனா ஐசி நகல் கந்துவட்டி ஆலோங் கையில கிடைச்சா, நான் வாங்காத கடனுக்கு என் கதவுல சிவப்புச் சாயம் ஊத்துவான். போன வருஷம் பக்கத்து பிளாக்குல நடந்திச்சு லா."

பயம் நியாயமானது. தங்கமணி கீழே போய்த் தன் ஐசியை நகல் எடுத்தார். அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, கோடுகளுக்கு நடுவில் 'குளம் ஆட்சேபத்துக்கு மட்டும்' என்று மலாயில் எழுதி, தேதியும் போட்டார். அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். "மொதல்ல என் ஐசி. இத எடுத்து எந்த ஆலோங்காவது கடன் வாங்கட்டும், பாப்போம்!" என்று சத்தமாகச் சொன்னார். எல்லோருக்கும் கோடு போடச் சொல்லிக்கொடுத்தார். மதியத்துக்குள் வரிசை நின்றது.

அடுத்த தடை 'காரணம்' என்ற கட்டம். "நீங்களே சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்" என்றார்கள் எல்லோரும். தங்கமணி மறுத்துவிட்டார்.

"நான் சொன்னா நூறு பாரத்துலயும் ஒரே வரி இருக்கும். ஒருத்தி எழுதிக்குடுத்தான்னு தூக்கிப் போட்டுருவாங்க. உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? அத எழுதுங்க."

"எனக்கு மலாய் சரியா எழுத வராது மேயரே."

"தண்ணி வந்தப்போ பேசத் தெரிஞ்சிச்சு இல்ல? சொல்லுங்க, உங்க மக எழுதட்டும்."

நிஜாம் நகல் எடுத்தபடியே கேட்டார். "அக்கா, நான் பாஸ்போர்ட்காரன். நான் எழுதலாமா? கடையில முட்டி அளவு வந்துச்சு. காகிதக் கட்டு எல்லாம் கூழாப் போச்சு."

"தண்ணி உன் பாஸ்போர்ட்டக் கேட்டுட்டா உள்ள வந்திச்சு? எழுது. தள்ளுனா தள்ளட்டும், அவங்க கையாலேயே தள்ளட்டும்."

ஞாயிறு மாலை மேசையை மடக்கும்போது நூற்று எண்பத்தேழு பாரம் இருந்தது. கையெழுத்துப் போட்ட அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. கால்பந்து பார்த்தார்கள், கல்யாணத்துக்குப் போனார்கள், 'அதான் போட்டாச்சே' என்று படுத்துக்கிடந்தார்கள். இவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை. அநியாயம் செய்கிறவனுக்கு நாலு பேர் துணை இருந்தால் போதும். மீதி வேலையை இவர்கள் படுத்தபடியே முடித்துக்கொடுக்கிறார்கள்.

வீட்டில் கணவர் விஜயன், துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், பாரக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "மேயரம்மா, ஒரு கோப்பி கிடைக்குமா, இல்ல அதுக்கும் ஐசி நகல் வேணுமா?" என்றார்.

"வேணும். கோடு போட்டுக் குடுங்க" என்றார் தங்கமணி. பிறகு உட்கார்ந்து இன்னொரு பாரத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினார். கடைசியில் ஒரு சிறு கட்டம் இருந்தது: 'விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன்.' அதில் அடையாளமிட்டார்.

விஜயன் சிரிப்பை நிறுத்தினார். "லோகன் சொன்னத யோசிச்சியா?"

"யோசிச்சிட்டுத்தான் எழுதறேன்."

"அப்ப சரி. பேனாவ எனக்கும் குடு. நானும் இந்த வீட்டுலதான் இருக்கேன்."

திங்கள் காலை நூற்று எண்பத்தொன்பது பாரங்களையும் ஷாமினி ஒவ்வொன்றாக முத்திரை குத்தி வாங்கினார். ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. தங்கமணி ஒவ்வொரு முத்திரை எண்ணையும் தன் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தபடி முகப்பிலேயே நின்றார். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. பேச விரும்பியவர்கள் அறுபத்து மூன்று பேர். விசாரணைக் குழு அரை நாள் ஒதுக்கியிருந்தது; இரண்டு முழு நாள் ஆயிற்று. கவுன்சிலர்களுக்கென்று போட்டிருந்த பக்கவாட்டு நாற்காலியில் தங்கமணி உட்காரவில்லை. மக்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த லோகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது முறை திரும்பவில்லை.

தரைத்தளம் மூன்றாம் எண் வீட்டு அமுதவள்ளி எழுந்தார். கணவர் பக்கவாதத்தில் படுத்தவர். அமுதவள்ளி தமிழும் மலாயும் கலந்து பேசினார்.

"ஐயா, அன்னிக்கு ஐஸ்பெட்டி மிதந்திச்சு. என் வீட்டுக்காரர் மிதக்கமாட்டார். அவர மேசை மேல தூக்கி வைக்க நாலு பேரு வேணும். நான் ஒருத்திதான் இருந்தேன். உங்க புத்தகத்துல குழாய் போடுவோம்னு இருக்கு. எத்தன அடிக் குழாய்னு இல்ல. நான் படிச்சேன். எங்க இருக்குன்னு காட்டுங்க ஐயா, நான் உட்கார்ந்துக்கறேன்."

குழுவின் தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தன் பேனாவைப் பார்த்தார். அமுதவள்ளி நின்றுகொண்டே இருந்தார்.

ஆதரித்த நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட நேரில் வரவில்லை. கடைசியாக எழுந்த தங்கமணி நீளமாகப் பேசவில்லை. "என் பேரு தங்கமணி. ஏழாவது மாடி. என் வீட்டுக்குத் தண்ணி வராது. ஆனா தரைத்தளத்துல முப்பது வீடு இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திருத்தம் ஒரு மாதம் கழித்து இறுதி வடிவில் வெளியானது. குளம் குளமாகவே இருந்தது. அதே வாரத்தில் புதிய தவணைக் கவுன்சிலர்களின் பட்டியலும் வந்தது. தங்கமணியின் பெயர் அதில் இல்லை. பெயர்ப்பலகையை ஒரு நெகிழிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு திட்டப் பிரிவுக்குப் போய், ஷாமினியிடம் வெற்றுப் பாரம் ஐம்பது கேட்டார்.

"இப்ப எதுக்கு அக்கா?"

"அடுத்த திருத்தம் வராமலா போகும்?"

வந்தது. வந்துகொண்டேதான் இருக்கிறது. சுங்கை கெம்பாஸில் இப்போது ஏதாவது அறிவிப்பு ஒட்டப்பட்டால், பசை காய்வதற்குள் நாலு பேர் அதன் நான்காவது பத்தியைப் படம் எடுக்கிறார்கள். பதவியில் இருந்த காலத்தில் தங்கமணியால் செய்ய முடியாத காரியம் இது. ஊரிலிருந்து ஒரு மேயரை நீக்கினார்கள். நூற்று எண்பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள்.

இனி உங்களிடம் வருகிறேன். பெட்டாலிங் ஜெயாவோ, பிரிக்ஃபீல்ட்ஸோ, கிள்ளானோ, எங்கே இருந்தாலும் உங்கள் பகுதிக்கும் ஒரு நிலத் திட்டம் உண்டு. அதில் உங்கள் திடலுக்கும் குளத்துக்கும் என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த வாரம் அரை நாள் விடுப்பு எடுங்கள். உங்கள் நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்குப் போய், "என் பகுதியின் வரைபடத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தவறாக இருந்தால் யாருடைய காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு பாரம் வாங்கி, காரணத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு அழைத்துப் போங்கள்.